சத்தத்தை நிறுத்தியவன் நான்தான்

மதராசி கேம்ப்பில் சாக்கடையை ஒட்டிய குடிசை. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆங்கிலத்தில் என் பெயரை எழுதவே கை தடுமாறும். இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு டெல்லியில் நான் கட்டியதைக் கேளுங்கள். பஞ்சாபிக் கல்யாணங்களில் வீடியோக்காரருக்குப் பின்னால் சூடான விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிறகு அந்த மாதிரி விளக்குகளை நானே வாடகைக்கு விட்டேன். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென்டிரைவ் வந்தது. ஒவ்வொரு முறையும் கடையை மூடிவிட்டுப் போனவர்களின் ஸ்டாண்டுகளையும் லென்சுகளையும் நான் வாங்கிப் போட்டேன். கல்யாணத்தை நேரலையில் ஊருக்குக் காட்டலாம் என்று சொன்னபோது ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் விற்பவர்கூடச் சிரித்தார். ஊரடங்கில் அவர் அப்பாவின் காரியத்தைத் திருச்சியில் இருந்த தங்கைக்குக் காட்டியது யார்? நான்தான். டேப்லெட்டில் வெளிக் கேமராவைச் செருகி வீடியோ கால் பேசலாம் என்று இந்த ஊர்த் தமிழர்களுக்குக் காட்டியவனும் நான்தான். அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? டேப்லெட்டைச் சொம்பில் சாய்த்து வைத்து, மூக்குத் துவாரத்தைக் காட்டி ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

இப்போது முதுகு பையைத் தூக்க விடுவதில்லை. மருமகன் தொழிலைப் பார்க்கிறார். நான் வீட்டில் உட்கார வேண்டுமாம். எங்கே உட்காருவது? இந்தப் பத்தியை எழுதுவதற்குள் பலமுறை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். கீழே யாராவது வண்டியில் ஸ்டாண்டு கட்டிக்கொண்டு போனால், எங்கே போகிறான், சரியாகக் கட்டினானா என்று மனம் பின்னாலேயே ஓடுகிறது.

தம்பிகளே, தங்கைகளே, புதிதாக வந்தவர்களுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நம் வீடியோக்காரர்கள் குழுவில் கேட்டீர்கள். எந்த ஹப் வாங்குவது, எந்த கேபிள் நிற்கும் என்பதையெல்லாம் கடைக்காரனிடம் கேளுங்கள். அது மாதத்துக்கு மாதம் மாறும். மாறாத ஒன்று இருக்கிறது. வீடியோ கால் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் கைமீறிப் போகும். அந்த நேரத்தில் உங்கள் விரல் எங்கே போகிறது என்பதுதான் தொழில்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு சர்தார்ஜி. பெயர் வேண்டாம்; திட்டியே ஆளாக்கியவர். ஒரு கல்யாணத்தில் மாலை மாற்றும் நேரத்தில் ஜெனரேட்டர் நின்று மண்டபம் இருண்டது. நான் பதறிப்போய் ஒயர்களைப் பிடித்து இழுத்தேன். பிடரியில் ஒரு அடி விழுந்தது. "ஓயே மதராசி, பிக்சர் போனா போகட்டும். உன் மூஞ்சி போகக் கூடாது" என்று இந்தியில் உறுமினார். வீட்டுக்காரர்கள் கேமராவைப் பார்ப்பதில்லை, கேமராக்காரன் முகத்தைப் பார்க்கிறார்கள். பயப்பட வேண்டுமா வேண்டாமா என்று அதில்தான் படிக்கிறார்கள். நான் பதறியதால்தான் பெண் வீட்டார் அழ ஆரம்பித்தார்களாம். அன்று முதல் இந்த முகத்தில் எதையும் காட்டியதில்லை. அது எனக்கு எங்கே உதவியது என்பதுதான் நான் சொல்லப்போகும் கதை. இதில் வரும் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்பில் சண்முகம் சார் என்று ஒருவர். மத்திய அரசில் செக்ஷன் ஆபீசர், திருநெல்வேலிக்காரர். மகள் கோமதி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பிறவியிலேயே காது கேட்காது, வாய்ப் பேச்சும் இல்லை. ஆனால் கையால் அவள் பேசுவதைப் பார்த்தால் நமக்குத்தான் பேச்சு வராது என்று தோன்றும். குர்காவ்ன் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலை, கை நிறையச் சம்பளம். அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு இடம் அமைந்திருந்தது. பையன் பெயர் கார்த்திக். அவனுக்கும் காது கேட்காது. மோட்டார் கம்பெனியில் வேலை. இரண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் ஒரே பக்கம், ஜாதகமும் பொருந்திவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோ காலில் பெண் பார்ப்பது, பிடித்துவிட்டால் நாலரைக்கு ராகு காலம் வருவதற்குள் அப்படியே தாம்பூலம் மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

வீடியோவில் தாம்பூலம் மாற்றுவதும் என் யுக்திதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்துத் தட்டைக் கேமராவுக்குக் காட்டி ஓரமாக நீட்ட வேண்டும். அதே நொடியில் அந்தப் பக்கம் ஓரத்திலிருந்து ஒரு தட்டு உள்ளே வரும். பார்க்கிறவர்களுக்கு டெல்லித் தட்டு கோயம்புத்தூருக்குப் போன மாதிரியே இருக்கும். கண்ணீர் விட்டவர்கள் உண்டு.

ஜூன் மாத வெயில். ஞாயிறு வேறு. சரோஜினி மார்க்கெட் கூட்டத்தில் ஆட்டோ உள்ளே வர மறுத்துவிட்டது. "ஜல்தி, ஜல்தி" என்று கத்திக்கொண்டே பையைத் தலையில் வைத்துத் துணிக் குவியல்களுக்கு நடுவே நீந்திப் போய்ச் சேர்ந்தேன். சண்முகம் சார் வாசலிலேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. நேரமாயிட்டுன்னு பதறிப்போயிட்டேன். எல்லாம் சரியா வந்திருமா?"

"சார், ஏழுமலை கை வச்ச கால் கட் ஆனதா சரித்திரம் கிடையாது. போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க."

"பிள்ள முகம் பளிச்சுன்னு தெரியணும். அது ஒண்ணுதான். மத்த எதுவும் வேண்டாம்."

அதற்கென்றே ஒரு கேமரா கொண்டுபோயிருந்தேன். டேப்லெட்டில் செருகினால் போதும், அதுவே முகத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஆள் அசைந்தால் கூடவே தலையைத் திருப்பும். எழுந்தால் நிமிரும். டெல்லித் தமிழ் வட்டாரத்தில் அதை முதலில் வாங்கியவன் நான். விளக்கை ஒரு ஓரமாக வைத்து, பெண் உட்காரும் நாற்காலியைச் சரி பண்ணினேன். கோமதி இன்னும் புடவை கட்டவில்லை, குர்த்தாவிலேயே வந்து உட்கார்ந்து பார்த்தாள். திரையில் அவள் முகம் நிலவு மாதிரி வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

அவள் திரையைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் உயர்த்தி ஏதோ சொன்னாள். கேமரா முகத்தைவிட்டு நகரவில்லை. கைகள் மணிக்கட்டுக்கு மேலே வெட்டுப்பட்டு, மீன் துள்ளுவதுபோல் திரையின் அடியில் வந்து வந்து போயின. தன் போனை எடுத்து இந்தியில் தட்டி என் முன்னால் நீட்டினாள். தமிழ் எழுதத் தெரியாது அவளுக்கு. எனக்கு இந்தி எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். 'அங்கிள், ஹாத் திகாயியே.' கையைக் காட்டுங்கள்.

நான் சண்முகம் சாரைப் பார்த்தேன்.

"கை எதுக்கு அண்ணாச்சி? முதல்ல முகத்தப் பாக்கட்டும். பேச்செல்லாம் பெறகு வச்சுக்கிடலாம்."

அவருடைய அக்கா, கோமதிக்குப் பெரிய அத்தை, திருநெல்வேலியிலிருந்து இதற்கென்றே ரயிலேறி வந்திருந்தவர், சோபாவிலிருந்து ஒத்து ஊதினார். "பொண்ணு பாக்கையில கைய மடியில வச்சுக்கிட்டு அடக்கமா இருக்கணும். எங்க காலத்துல தலையே நிமிந்ததில்ல. இவ என்னடான்னா கைய ஆட்டணுங்கா."

கோமதியின் அம்மா எனக்குக் காபி கொண்டுவந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணாச்சி, போன வருசம் ஒரு இடம் கூடி வந்துச்சு. பையனோட அம்மா கடைசில, 'கல்யாணத்துக்குப் பெறகு நாலு பேரு முன்னால கையாட்ட வேண்டாம், எங்களுக்குக் கேவலம்'னு சொல்லிட்டு. இவ ஒரேயடியா வேண்டாம்னுட்டா. இந்தத் தடவ தாம்பூலத்துக்கு முந்தியே அந்தப் பையன்ட்ட அவளே கேக்கணுமாம். அவியள்ட்ட கேக்க மாட்டாளாம், அவன்ட்டதான் கேப்பாளாம். கேக்காம தட்ட மாத்துனா எந்திரிச்சுப் போயிருவேன்னு சொல்லிட்டா. இது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது."

ஆக, விஷயம் இதுதான். நாலரைக்குள் ஒரு கேள்வி போக வேண்டும், ஒரு பதில் வர வேண்டும். இரண்டும் கையால். நானோ முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கத் தெரியாத கேமராவை மாட்டி வைத்திருக்கிறேன். என்னைக் கூப்பிட்டவர் சண்முகம் சார். என் பையில் பழைய கேமரா ஒன்று இருந்தது. அதற்கு மூளை கிடையாது. வைத்த இடத்தில் வைத்ததைக் காட்டும். இரண்டாவது கேமரா இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை, நீங்களும் தாண்டாதீர்கள். ஆனாலும் மாற்றவில்லை. 'ஓடட்டும், பார்ப்போம்' என்று விட்டேன். கல்யாண வீடியோவில் பழகியவன் கண் முகத்துக்குத்தான் போகும், நம் எல்லோருக்கும் உள்ள வியாதி அது.

மூன்று மணிக்கு வீடியோ கால் ஆரம்பித்தது. கோயம்புத்தூரில் கார்த்திக்கும் அவன் அம்மாவும் ஒரு போனில். அவனுடைய தாய்மாமா துபாயிலிருந்து தனியாக. இன்னும் இரண்டு மூன்று சொந்தங்கள் அவரவர் போனில். நான்தான் அந்த வீடியோ காலை ஏற்பாடு செய்தவன் என்பதால் சாவி என் கையில். எல்லோரும் வந்து சேர்ந்ததும் திரையில் பெரிதாக என்ன தெரிந்தது தெரியுமா? எங்கள் ஹால். காரணம், மூலையில் ஓடிக்கொண்டிருந்த கூலர். இந்த மாதிரிக் காலில் யார் பக்கம் சத்தம் வருகிறதோ அவர்களுக்குத்தான் பெரிய படம். கூலர் போட்ட இரைச்சலில் மற்றவர்கள் எல்லாம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிப்போனார்கள். கூலரை நிறுத்தச் சொன்னேன். அடுத்த நிமிடத்திலிருந்து எல்லோருக்கும் வியர்த்து வடிய ஆரம்பித்தது.

கூலர் நின்றதும் அந்த இடத்தைத் துபாய் மாமா பிடித்துக்கொண்டார். பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. "நமக்கு டெல்லி ஒண்ணும் புதுசு இல்ல சம்பந்தி" என்று ஆரம்பித்து, எப்போதோ ரயிலில் போனபோது ஆக்ராவில் வாங்கிய பேட்டா மிட்டாய் வரைக்கும் வந்தார். நடுநடுவே தொண்டையைக் கனைப்பார். அந்தக் கனைப்புக்கும் பெரிய படம். கோமதி பட்டுப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். கார்த்திக் அவளைப் பார்த்துச் சிரித்ததைப் பார்த்தேன். அவன் கை மேலே எழுந்தது. அதற்குள் மாமா கனைத்தார், பையன் தபால்தலைக்குள் போய்விட்டான். கோமதி கையை எடுத்தாள். என் கேமரா அவள் முகத்தை அழகாகக் காட்டிக்கொண்டிருந்தது. அத்தை ஏதோ சொல்ல, எங்கள் படம் பெரிதானது. கோமதியின் கேள்வி திரைக்குக் கீழே எங்கோ போய்ச் சிந்தியது.

யோசித்துப் பாருங்கள். அங்கே யாருடைய கல்யாணமோ அந்த இரண்டு பேருக்கும் சத்தமே கிடையாது. ஆகவே படமும் கிடையாது.

மணி நாலை நெருங்கியது. அத்தை தட்டில் வெற்றிலையை அடுக்க ஆரம்பித்துவிட்டார். "முகத்தப் பாத்தாச்சு, ஜாதகமும் சரி. இன்னும் என்ன யோசன? நேரம் போவுதுலா, சம்முகம்."

கோமதி என்னைப் பார்த்தாள். அப்படிப் பார்த்த பார்வையை எந்தக் கேமராவிலும் நான் பார்த்ததில்லை. பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். டேப்லெட்டுக்குப் பக்கத்தில் டீப்பாய் மேல் ஓங்கித் தட்டினாள். டண். டண். டண்.

துபாய் மாமா ஆக்ராவிலேயே நின்றுவிட்டார். எல்லோருடைய திரையிலும் கோமதி பெரிதாக வந்து நின்றாள். தனக்குக் கேட்காத சத்தத்தை வைத்துப் படத்தைப் பிடித்துவிட்டாள்! நண்பர்களோடு இப்படிக் காலில் பேசிப் பழகியவள், எங்கே தட்டினால் எது திறக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏட்டி, என்ன கூத்து இது? கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்றார் அத்தை.

கோயம்புத்தூரில் கார்த்திக் விழுந்து விழுந்து சிரித்தான். அவனும் எதையோ எடுத்துத் தட்டினான். அவன் படம் பெரிதானது. மறுபடி இவள். மறுபடி அவன். இருவருக்கும் இருந்த சந்தோஷத்தில் ஒரு சங்கடம் யாருக்கும் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. தட்டுகிற கை பேச முடியாது. பேசுவதற்காக டம்ளரைக் கீழே வைத்தால் சத்தம் நின்றுபோகும், மாமா வந்துவிடுவார். அப்படியே ஆனது. கோமதி டம்ளரை வைத்தாள், கையை உயர்த்தினாள், துபாயிலிருந்து ஒரு கனைப்பு.

அப்போது முடிவெடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்முகம் சார் வேண்டாம் என்றிருப்பார், அப்புறம் அதை மீறுவது மரியாதை இல்லை. கேட்காமல் செய்தால் அது டெக்னிக்கல் விஷயம். இதை நன்றாக மனதில் வையுங்கள்.

முகம் தேடும் கேமராவைப் பிடுங்கினேன். பழையதைச் செருகுவதற்குள், டேப்லெட் தன் சொந்தக் கேமராவுக்குத் தாவிவிட்டது. குனிந்து ஒயரைக் கடித்துக்கொண்டிருந்த என் முகம் கோயம்புத்தூருக்கும் துபாய்க்கும் போனது.

"இது யாரு, பொண்ணுக்குத் தாத்தாவா?" என்றார் துபாய் மாமா.

தாத்தா! பழைய கேமரா உயிர் பெற்றது. கொஞ்சம் பின்னால் நகர்த்தி, இடுப்பிலிருந்து தலைவரை, இரண்டு கையும் விரிக்க இடம் விட்டு வைத்தேன். விளக்கை முகத்திலிருந்து இறக்கி மார்புக்கு நேராகத் திருப்பினேன். பிறகு டேப்லெட்டில் என் விரலை வைத்தேன். கோமதியையும் கார்த்திக்கையும் மட்டும் எல்லோருக்கும் பெரிதாகத் தெரியும்படி நிறுத்தினேன். எல்லோருடைய சத்தத்தையும் அடைத்தேன், எங்கள் ஹாலையும் கார்த்திக்கின் போனையும் சேர்த்து. அவர்களே திறந்துகொள்ள முடியாதபடி பூட்டினேன். எல்லாம் முடிந்ததும் சர்தார்ஜி சொன்ன அந்த முகத்தோடு நிமிர்ந்து சொன்னேன்:

"சார், சவுண்டு போயிடுச்சு. லைன்ல கோளாறு. படம் மட்டும் ஓடும். யாரும் எதையும் தொடாதீங்க, தொட்டா படமும் போயிடும்."

சண்முகம் சாரின் போன் அடித்தது. துபாய் மாமா. சார் அதை எடுக்காமல் என்னைப் பார்த்தார். பிறகு டேப்லெட்டைப் பார்த்தார். அவர் படித்தவர், திரையில் மைக்குகளுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்திருப்பது அவருக்குத் தெரியாதா? வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பொய்க் குறிப்பு எழுதியதில்லை என்று பேர் வாங்கிய மனிதர். போன் அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் அவர் மகள் இரண்டு கைகளையும் விரித்துப் பேச ஆரம்பித்திருந்தாள். அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே போனை எடுத்தார்.

"ஆமா மாமா, இங்கயும் கேக்கல. லைன்தான் போயிட்டு. அண்ணாச்சி பாத்துக்கிட்டு இருக்காரு. நீங்க வச்சிருங்க, சரியானதும் நானே கூப்பிடுதேன்."

போனையே அணைத்துப் பையில் போட்டுவிட்டு, மனைவி பக்கத்தில் போய் நின்றார். "என்ன கேக்கா?"

அந்த வீட்டில் மகளின் கைமொழி முழுவதும் தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லிய குரலில் சொன்னார். "உங்க வீட்டுல கையால பேச விடுவாகளான்னு கேக்கா."

கார்த்திக் நாற்காலியைத் தானே பின்னால் தள்ளிக்கொண்டான். அவன் கையும் முழுதாகத் தெரிந்தது. டெல்லிக் கைக்கும் கோயம்புத்தூர்க் கைக்கும் சொற்கள் கொஞ்சம் வேறாம். சிலதை இருவரும் இரண்டு மூன்று தடவை போட்டுக் காட்டிக்கொண்டார்கள். அதற்கெல்லாம் எங்கிருந்து நேரம் வந்தது என்கிறீர்கள்? வாய்கள் மூடியிருந்ததால் வந்தது.

"இப்பம் இல்லியாம்" என்றார் அம்மா. "வீட்டுல போன்ல எழுதிக் காட்டுவாராம். ஞாயித்துக்கிழம கூட்டாளிக கூடுத எடத்துக்குப் போயி, அங்கதான் பேசுவாராம். அவுக அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதாம். 'நீ வந்தா வீட்டுல ரெண்டு பேராயிருவோம்'னு சொல்லுதாரு."

"நல்ல பதில்தான?" என்று அத்தை வெற்றிலைத் தட்டை எடுத்தார்.

கோமதி தலையை ஆட்டினாள், இல்லை என்று. அவள் கை வேகமாக, அழுத்தமாகப் பேசியது. அம்மா அதையும் சொன்னார். "வந்த பெறகு இல்ல, வாறதுக்கு முந்தி. ஒங்க அம்மாட்ட இப்பமே சொல்லுங்க, எல்லாரும் பாக்கட்டும்னு சொல்லுதா."

கார்த்திக் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் அம்மா பக்கம் திரும்பி, கையை உயர்த்திப் பேச ஆரம்பித்தான். ஓரத்திலிருந்து வளையல் போட்ட ஒரு கை உள்ளே வந்து அவன் மணிக்கட்டைக் கீழே அமுக்கியது. கோபமாக அல்ல. கொதிக்கிற பாலுக்கு நாம் தண்ணீர் தெளிக்கிற மாதிரி, பழக்கத்தில். எத்தனையோ வருஷமாக அமுக்கிய கை. அவன் போனிலும் வெறும் முகம் மட்டும் தெரிந்திருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. சிரித்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தட்டை மாற்றியிருப்போம். எங்கள் ஹாலில் அத்தை கையிலிருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார்.

கார்த்திக் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தான். மறுபடி உயர்த்தினான்.

அந்த அம்மாவுக்கு எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது உறைத்தது. திரைக்குள் குனிந்து, சிரித்துச் சமாளிக்க ஏதோ பேசினார். வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை. போனைத் தட்டிப் பார்த்தார். மறுபடி பேசினார். பிறகுதான் நடந்தது. சத்தம் இல்லையென்றால் மனிதன் என்ன செய்வான்? காதைத் தொட்டு, கையை விரித்து, 'கேட்கவில்லை' என்றார். கோமதியும் தன் காதைத் தொட்டு, அதே மாதிரி கையை விரித்தாள்: 'எனக்கும்தான்.' அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், புருவத்தை உயர்த்தினார். சாப்பிட்டாயா?

கோமதி 'ஆச்சு' என்று காட்டி, 'நீங்கள்?' என்று கேட்டாள்.

கீழே சின்னக் கட்டங்களைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. துபாய் மாமா இரண்டு கையையும் காற்றில் வீசிக்கொண்டிருந்தார், காதைக் காட்டி, போனைக் காட்டி, வானத்தைக் காட்டி. கையாட்டுவது கேவலம் என்கிற கூட்டத்தில் கையாட்டாத ஆளே கிடையாது.

நாலரை ஆனது. "ராகு காலம் வந்துட்டு. தட்டு மாத்தல" என்று அத்தை முனகினார்.

"இன்னைக்கு மாத்த வேண்டாம்க்கா" என்றார் சண்முகம் சார். "பிள்ள பேசிக்கிட்டு இருக்கா."

கோமதி அன்று சம்மதம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் பேச வேண்டும் என்றாள், அவன் அம்மாவும் கூட உட்கார வேண்டும் என்றாள். பிறகு பல ஞாயிறுகள் பேசினார்கள். அந்த அம்மா ஒவ்வொரு வாரமும் மகனிடம் நாலு சொல் கற்றுக்கொண்டு வந்து உட்காருவாராம். போனில் வாயால் பேசும்போதும் அவருக்குக் கை ஆடுகிறது என்று கோமதியின் அம்மா சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் தட்டு மாறியது. நேரில். என் யுக்திக்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

கல்யாணம் டெல்லியிலேயே ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. நேரலை நான்தான், வேறு யார்? இரண்டு கேமரா, இரண்டும் கையோடு சேர்த்துக் காட்டுகிற மாதிரி. மேடையில் சைகை மொழி தெரிந்த பெண் ஒருவர் பேச்சுகளை மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் கையால் சொல்லிக்கொண்டிருந்தார். துபாய் மாமா மைக்கைப் பிடித்தார். விடுவாரா?

"அன்னைக்கு வீடியோ கால்ல நாங்க பேசிக்கிட்டே இருந்தோம். அந்தக் கடவுளுக்கே பொறுக்கல. சவுண்ட நிறுத்திட்டான்! 'நீங்க பேசுனது போதும்ல, பிள்ளைக பேசட்டும்'னு அவனே லைன அறுத்துட்டான். இந்தக் கல்யாணம் தெய்வச் செயல்!"

மண்டபம் கை தட்டியது. அந்தப் பேச்சு துளி இரைச்சல் இல்லாமல் உலகம் முழுக்கப் போனது. என் மைக்கில், என் ஒயரில்.

கோமதி மட்டும் கைதட்டவில்லை. மேடையிலிருந்து நேராக என்னைப் பார்த்து, விரலை நீட்டி என்னைக் காட்டினாள். அவள் கேமராவைக் காட்டுகிறாள் என்று நினைத்து அத்தனை சொந்தங்களும் கேமராவைப் பார்த்து டாட்டா காட்டினார்கள். நான் அதையும் நேரலையில் அனுப்பினேன். முகத்தில் எதையும் காட்டவில்லை.

இந்தக் கட்டுரைக்காக அனுமதி கேட்டபோது கோமதி இந்தியில் பதில் போட்டாள்: 'தாராளமாக எழுதுங்கள், அங்கிள். ஆனால் டம்ளர் நான் தட்டியது என்று இருக்க வேண்டும்.' நியாயம். அவள் பங்கை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். என் பங்கை நான் கேட்கிறேன்.

புது ஆட்களுக்கு நீங்கள் நடத்தும் வகுப்பில் இந்தக் கதையை 'நெட்வொர்க் செய்துவைத்த கல்யாணம்' என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறீர்களாம், மருமகன் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அன்று சரோஜினி நகரில் நெட்வொர்க் கல் மாதிரி இருந்தது. எந்த லைனும் அறவில்லை. அடுத்த வகுப்பிலிருந்து உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்: டம்ளரைத் தட்டியது கோமதி, போனில் பொய் சொன்னது சண்முகம் சார், கேமராவை மாற்றிச் சத்தத்தை அடைத்தது ஏழுமலை. கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். கடவுளையும் சேர்க்க வேண்டுமென்றால் சேருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. என் பெயருக்குக் கீழே.